காயாம்பூவைப் பார்த்துவிட்டேன்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இவளுக்கு ரிட்டயர் ஆனபிறகும் என்ன வெட்டிமுறிக்கிற வேலை என்று நீ அண்ணாவிடம் புலம்பியிருப்பாய், தெரியும். இவருக்கு வலது கண்ணில் புரை எடுத்தாச்சு. நல்லபடியாக முடிந்தது. இடது கண் ஆடிக்கு அப்புறம். நடுவில் பேத்திக்குக் காய்ச்சல், அது தீர்ந்ததும் எனக்கு, இப்படியே நாள் ஓடிவிட்டது. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனில் நீ என்னை எங்கே பேச விடுகிறாய்? இன்றைக்கு உன்னிடம் சண்டை போடவேண்டியிருப்பதால் எழுதுகிறேன்.

சண்டை உன் தோட்டத்தைப் பற்றி. மன்னார்குடி வீட்டுக்குப் பின்னால் வாங்கிய முப்பது சென்ட்டுக்கு ஒரு கான்ட்ராக்டர் பிளான் போட்டுக் கொடுத்திருக்கிறார், மூன்றரை லட்சம் ஆகும் என்று எழுதி, படத்தையும் அனுப்பியிருந்தாய். நடுவில் புல்தரை, இரண்டு பக்கமும் ராயல் பாம், சுவரோரம் கோனோகார்பஸ், மூலையில் உருண்டையாகக் கத்தரித்த ஃபைகஸ். படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, கல்யாண மண்டப வாசல் மாதிரி. நானும் மூன்று வாரம் முன்னால் என்றால் ‘ஜோராக இருக்கிறது, செய்துவிடு’ என்றுதான் எழுதியிருப்பேன். அதற்குள் ஒரு இடத்துக்குப் போய்வந்துவிட்டேன், அதுதான் வினை.

மாசி கடைசியில் தம்பி மகன் வந்து, சும்மா வீட்டிலேயே கிடக்கிறீர்களே அத்தை என்று எங்கள் இரண்டு பேரையும் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஆரோவில் பக்கம் போனான். நான் மாத்ரிமந்திர் என்று நினைத்தேன். அவன் கொண்டுபோய் விட்டது அங்கே இருக்கிற தாவரவியல் பூங்காவில். 2003இல் ஆரம்பித்தது, 50 ஏக்கர். கள்ளித் தோட்டம், அல்லிக் குளம், நாற்றுப் பண்ணை எல்லாம் இருக்கிறது. ஆனால் பெரும்பகுதி மரங்களுக்குத்தான், அதிலும் நம் சோழமண்டலக் கரைக்கே உரிய மரங்களுக்கு.

உள்ளே போனதும் எனக்கு ஏமாற்றம்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஊட்டி மாதிரி பாத்தி பாத்தியாகப் பூ இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால், கரும்பச்சையாக, தடித்த இலையோடு, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே என்று ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்கிற மரங்கள். தரையெல்லாம் சருகு. “இதுக்கா டிக்கெட் வாங்கினோம், நம்ம சுடுகாட்டுப் பாதையில இதேதானே நிக்குது” என்றார் இவர். டிக்கெட் காசு பெரிதில்லை, இருந்தாலும் சொல்வார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது, வசந்தா. சுடுகாட்டுப் பாதையிலும் அய்யனார் கோயில் பின்பக்கமும் மட்டும்தான் அந்தக் காடு மிச்சம் இருக்கிறது. நம் கடற்கரையை ஒட்டி ஒரு காலத்தில் நெடுக இருந்த காடு அது. நமக்கு மழை ஐப்பசி கார்த்திகையில் கொட்டோ கொட்டென்று கொட்டிவிட்டு, அப்புறம் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது, இல்லையா? இப்படி மழை பெய்கிற ஊரில் மரங்கள் கோடையில் இலையைக் கொட்டிவிட்டு நிற்பதுதான் வழக்கம். இந்தக் காடு கொட்டாது. இலையைச் சின்னதாக, தோல் மாதிரி தடிப்பாக, மெழுகு பூசினாற்போல வைத்துக்கொண்டு சித்திரை வெயிலிலும் பச்சையாகவே நிற்கும். விறகுக்கும் வயலுக்கும் முந்திரிக்கும் சவுக்குக்கும் பிளாட்டுக்கும் போக மிஞ்சியது கொஞ்சம். மரக்காணம் போகிற வழியில் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இருக்கிறதே, நாம் பி.எட். படிக்கும்போது பஸ்ஸில் கடந்து போவோமே, அது அந்தக் காட்டின் துண்டுதான். அய்யனாருக்குப் பயந்து யாரும் கிளை ஒடிக்காததால் பிழைத்தது. கோடியக்கரையில் இருக்கிறது, சென்னையில் கிண்டியில் கொஞ்சம் இருக்கிறது.

பூங்காவில் வேலை செய்கிற ஒரு அம்மா, பக்கத்துக் கிராமம்தானாம், நான் ஒவ்வொரு மரமாக நின்று பார்ப்பதைக் கண்டு கூடவே வந்தார். வீரை, கருங்காலி, வக்கணை, காட்டெலுமிச்சை என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறார். உலக்கைப் பாலையைக் காட்டி, உலக்கைக்கு இதை விட்டால் வேறு மரம் கிடையாது என்றார். பாலைத் திணை பாலைத் திணை என்று முப்பத்தொரு வருஷம் பத்தாம் வகுப்புக்கு நடத்தியவள் நான். அந்தத் திணைக்குப் பெயர் தந்தது இந்தப் பாலையா வெப்பாலையா என்று அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை, அதை விடு, எனக்கு இரண்டு மரத்தையுமே தெரியாது! பாலை என்றால் மணல்காடு என்று பிள்ளைகளை ஒட்டகப் படம் வரைய வைத்திருக்கிறேன். உன் சம்பந்தி வீட்டில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் இருக்கிறார்களே, பாலைப்பழம் தெரியுமா என்று கேட்டுப் பார், முகம் மலரும். அவர்களுக்கு அது தின்கிற பழம், எனக்குப் பாடக்குறிப்பு.

அதற்கும் மேலே ஒன்று. நடைபாதை திரும்புகிற இடத்தில் குட்டை மரம் ஒன்று, பளபளவென்று இலை. இலைக்குக் கீழே, குச்சியோடு குச்சியாக ஒட்டிக்கொண்டு, நீலமாகப் பூ. காம்பு நீண்டு வெளியே தெரிகிற பூ இல்லை, கிளையிலேயே நீலப் பொடியை அப்பிவைத்தது போல இருந்தது. “இது காசாம்மா. காயான்னும் சொல்லுவாங்க” என்றார் அந்த அம்மா, சும்மா போகிறபோக்கில்.

காயாம்பூ! காயாம்பூ மேனியன் என்று எத்தனை பிள்ளைகளுக்கு உவமை நயம் எழுதிக் கொடுத்திருப்பேன். ‘காயாம்பூ: ஒரு வகை நீல மலர்’. முப்பத்தொரு வருஷமாக அவ்வளவுதான் பொருள். வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம்கூட இல்லாத தூரத்தில் அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அழுகை வரும்போல ஆகிவிட்டது, வெயிலில் நடந்ததில் ரத்த அழுத்தம் ஏறிவிட்டதோ என்று தம்பி மகன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார், அப்புறம் அடுத்த கண்ணைப் பொத்திக்கொண்டு. புரை எடுத்த கண்ணில் பூ பளீரென்று நீலமாகத் தெரிகிறதாம், எடுக்காத கண்ணில் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறதாம். புரை விழுந்த லென்ஸ் மஞ்சளடித்துப் போய் நீலத்தை வடிகட்டிவிடும் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அது இங்கே வந்துதான் உறைத்திருக்கிறது. “இத்தன வருஷமா கிருஷ்ணர சாம்பல் கலர்லயே கும்பிட்டிருக்கேன் பாரு” என்றார். அதற்கப்புறம் டிக்கெட் பேச்சு எடுக்கவில்லை.

சங்கப் பாட்டில் காயா முல்லை நிலத்துப் பூ, கார்காலத்தில் கொன்றையோடும் குருந்தோடும் பூக்கும். இது மாசியிலேயே பூத்திருந்தது. நாலைந்து நாள் முன்னால் திடீரென்று ஒரு மழை பெய்ததே, அதனால்தானோ என்னவோ. அந்தக் குருந்தும் அங்கேயே நின்றது. காட்டெலுமிச்சை என்று அந்த அம்மா சொன்னதுதான் குருந்து. இலையைக் கசக்கி முகர்ந்தால் நாரத்தை வாசனை. கறிவேப்பிலைச் செடியில் வந்து உட்காருமே கறுப்புப் பட்டாம்பூச்சி, அதன் புழுவுக்கும் இந்த இலை சாப்பாடு.

இந்தப் புழு விஷயத்துக்குத்தான் வருகிறேன், உன் கான்ட்ராக்டருக்காக. பறவை பூவுக்கும் பழத்துக்கும் வரும் என்றுதான் நாம் நினைக்கிறோம். குஞ்சு பொரித்துவிட்டால் பெரும்பாலான குருவிக்குப் புழுதான் வேண்டும், தானியம் தின்கிற சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் கொண்டுவந்து ஊட்டும். புழு வேண்டும் என்றால் புழு தின்கிற இலை வேண்டும். எங்கிருந்தோ வந்த மரத்தின் இலையை நம் ஊர்ப் புழு அவ்வளவாகத் தொடாது. ‘பூச்சியே வராது மேடம்’ என்று அவர் பெருமையாகச் சொன்னாராமே, அதுதான் குறை. கோனோகார்பஸை மட்டும் வைத்துவிடாதே, குஜராத்தில் 2023இல் அதற்குத் தடையே போட்டார்கள்.

இரண்டாவது, சருகு. தரையெல்லாம் சருகாகக் கிடந்ததைப் பார்த்து, பெருக்க ஆள் இல்லையா என்று நான் கேட்டுவிட்டேன், டீச்சர் புத்தி. அந்த அம்மா சிரித்துவிட்டு, கொஞ்சம் இப்படி உட்காருங்க, பேசாதீங்க என்றார். உட்கார்ந்தோம். எனக்கு முழங்கால் மடங்காது என்பதால் ஒரு கல்லின் மேல். பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு வந்து கலாட்டா செய்துவிட்டுப் போயின. வெண்புருவக் கொண்டைக்குருவி புதருக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு வரி பேசிவிட்டு வாயை மூடிக்கொண்டது, உருவத்தையே காட்டவில்லை, குரலைக் கேட்டுத் தம்பி மகன்தான் பெயர் சொன்னான். அப்புறம் சருகுக்குள் சரக் சரக் என்று சத்தம். ஓணான் என்றுதான் நினைத்தேன். மைனாவைவிடக் கொஞ்சம் சின்னதாக, வால் வெட்டிவிட்டது போல ஒரு பறவை, சருகை ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டிக் கொத்திக்கொண்டே வந்தது. முதுகு பச்சை, கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை, சிறகில் நீலம், வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. ஆறுமணிக்குருவி! ஐப்பசியில் வடக்கேயிருந்து வரும், இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா பக்கமெல்லாம் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே இறங்கும், சித்திரை வாக்கில் திரும்பிப் போய்விடும். காலையிலும் சாயங்காலமும் ஆறு மணி சுமாருக்குக் கூவுவதால் அந்தப் பெயர். நம் ஹாஸ்டல் வராந்தாவில் ஒரு வருஷம் களைத்துப்போய் ஒன்று விழுந்து கிடந்ததே, வார்டன் கிளி என்று சொல்லிக் கூண்டு தேடினாரே, ஞாபகம் இருக்கிறதா? அது இதுதான்.

சருகைப் பெருக்கிவிட்டால் அதற்கு அங்கே வேலை இல்லை, அவ்வளவுதான் கணக்கு. உன் புல்தரையில் மாசம் இரண்டு தரம் மெஷின் ஓட்டி, விழுகிற இலையை மூட்டை கட்டி வெளியே போடுவதாக பிளானில் எழுதியிருக்கிறது பார், ஐந்தாவது வரி.

அந்த மண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். செம்மண். இன்றைக்கு நிழலில் நின்று பார்த்தால் நம்ப முடியாது, 1968இல் ஆரோவில் ஆரம்பித்தபோது அந்த மேடு முழுக்க மொட்டைப் பொட்டல், மழை பெய்தால் செம்மண்ணை அரித்துக்கொண்டு ஓடை ஓடையாகக் கடலுக்குப் போகும். பக்கத்தில் இரும்பை என்று ஒரு ஊர், பாடல் பெற்ற தலம். அங்கே தவம் இருந்த கடுவெளிச் சித்தர் விட்ட சாபத்தால்தான் மண் பாழாய்ப் போனது என்று ஊரில் ஒரு கதை உண்டு. சாபமோ, ஆடும் கோடாரியுமோ, எதுவோ. முதலில் வந்தவர்கள் வரப்புப் போட்டுத் தண்ணீரை நிறுத்தி, காற்றுக்கும் வெயிலுக்கும் தாங்குகிற மரமாக ஆஸ்திரேலிய அக்கேசியாவைத்தான் வைத்தார்களாம். அதன் நிழலில் நம் ஊர் மரங்கள் மெதுவாக எழும்பியிருக்கின்றன. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் வந்ததே, நம் வீட்டு ஓடெல்லாம் பறந்ததே, அன்றைக்கு அக்கேசியாக்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்து, மெதுவாக வளர்ந்த உள்ளூர் மரங்கள்தான் அதிகம் தாக்குப்பிடித்து நின்றனவாம். அதனால் அக்கேசியாவைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. தாதி வேலையைச் செய்துவிட்டுத்தானே போயிருக்கிறது.

ஆனால் ஒன்று, நாட்டு மரம் என்று கேட்டதும் நீ ஓடிப்போய்க் கருங்காலியும் வீரையும் வாங்கி நட்டுவிடாதே. அது செம்மண்ணுக்கும் மணலுக்கும் பழகிய கூட்டம். உன்னுடையது வண்டல். நாடு என்றால் எந்த ஊர் நாடு என்று பார்க்கவேண்டும். உன் ஆற்றங்கரையில் எது நிற்கிறது என்று நடந்து பார்: மருதம் நிற்கும், நாவல், கடம்பு, புன்னை, வேலியோரம் நொச்சி. முப்பது சென்ட்டுக்கு மருதம் பெரிசு, ஒன்று போதும், அதுவும் வீட்டைவிட்டுத் தள்ளி. மகிழம் ஒன்று வை, விடிந்தால் பூப் பொறுக்கலாம், நமக்கு வயசுக்கு ஏற்ற வேலை. பின் மூலையில் ஒரு பத்தடிக்குப் பத்தடி இடத்தை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடு. முள்ளும் சூரையும் காரையும் குருவி எச்சத்திலிருந்தே முளைத்து வரும், அதற்கு லட்சம் வேண்டாம்.

இவ்வளவு பேசுகிற எனக்கு யோக்கியதை கிடையாது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ சொல்வாய். எங்கள் விழுப்புரம் வீட்டுக் கொல்லையில் அப்பா காலத்து நுணா மரம் ஒன்று இருந்தது. சின்ன வயசில் நீயும் நானும் அதன் காயைப் பறித்துத் துடைப்பக்குச்சியில் கோர்த்துத் தேர் செய்து இழுத்தோமே, அதுதான். 1998இல் கார் ஷெட் போடுவதற்காக நான்தான் ஆள் விட்டு வெட்டினேன். இவர் வேண்டாம் என்றார், கேட்கவில்லை. அதன் அடியில் தினம் காலையில் ஒரு செண்பகம், செம்பழுப்புச் சிறகோடு, பெரிய மனுஷி மாதிரி நடந்து வரும். மரம் போன மறுவாரம் முதல் வரவில்லை. எனக்கு அன்றைக்கு அது உறைக்கவேயில்லை, பூங்காவிலிருந்து திரும்பி வரும்போது காரில்தான் நினைவு வந்தது. இத்தனைக்கும் அந்த ஷெட்டில் இப்போது காரும் இல்லை, பழைய சைக்கிளும் தண்ணீர்த் தொட்டியும் கிடக்கின்றன. ஷெட்டுக்கும் சுவருக்கும் நடுவில் நாலடி மண் இருக்கிறது. நாற்றுப் பண்ணையில் நுணா இருக்கிறதா என்று கேட்டேன். இதெல்லாம் விலை கொடுத்து வாங்குவீங்களா, எங்க வயக்காட்டுப் பக்கம் தானா கிடக்குதே என்று அந்த அம்மா ஒரு மாதிரிப் பார்த்தார். விலாசம் கேட்டு வைத்திருக்கிறேன், மழை தொடங்கியதும் ஒரு கன்று பிடுங்கித் தருகிறாராம்.

பண்ணையில் ஒரு அழிஞ்சில் மட்டும் வாங்கினேன். என் பாட்டி சொல்வாளே, அழிஞ்சில் விதை ராத்திரி தானே உருண்டு வந்து தாய்மரத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று. உனக்கும் சொல்லி நீ பயந்து, அன்றைக்கு எங்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டாய். அது தொட்டியில் இரண்டு இலை புதிதாக விட்டிருக்கிறது, வளரட்டும், அப்புறம் விதை உருளுகிறதா என்று பார்த்துக்கொள்வோம்.

சரி, கான்ட்ராக்டருக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லைதானே? கொடுத்திருந்தாலும் பாதகமில்லை, பாதையையும் ஒரு திண்ணையையும் அவரையே கட்டச் சொல், மரத்தை மட்டும் அவர் கையில் விடாதே. அண்ணாவையும் கூட்டிக்கொண்டு பங்குனி முடிவதற்குள் ஒரு நடை வா. இரண்டு நாள் இங்கே இருந்தால் மறுபடி போய் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டு வரலாம். சித்திரை பிறந்துவிட்டால் அந்தக் குருவி கிளம்பிவிடும், அப்புறம் ஐப்பசி வரைக்கும் காத்திருக்கவேண்டும். காயாம்பூ அதுவரை இருக்குமா என்று தெரியாது, இவர் போனில் எடுத்த படம் இருக்கிறது, ஆனால் அதில் நீலம் சரியாக விழவில்லை. எந்தக் கண்ணைத் திறந்துகொண்டு எடுத்தாரோ.

வரும்போது உங்கள் ஊர் வெற்றிலை ஒரு கவுளி கொண்டு வா. மாத்திரைகளையும் மறக்காதே, போன தடவை மாதிரி ராத்திரி பத்து மணிக்கு மருந்துக்கடை தேட முடியாது.

அன்புடன்,
கோதை